பிளேடு முக்கியமா, பெயின்ட் முக்கியமா?

'பிளேடு' என்றால் கல்லூரிப் பக்கம் ஒரே அர்த்தம்தான்: கடைசி பெஞ்சையும் சேர்த்துத் தூங்க வைக்கிற பேச்சு. வட அமெரிக்காவின் ஏரிக்கரைகளில் அதே சொல்லுக்கு வேறு அர்த்தம். அங்கே பிளேடு என்றால் தூண்டிலில் சுழலும் உலோகத் தகடு. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் யாரும் தூங்குவதில்லை, சண்டைதான் போடுகிறார்கள். வட்டமா நீளமா, வெள்ளியா செம்பா, ஆரஞ்சா பச்சையா என்று குளிர்காலம் முழுக்க ஓடும் சண்டை. ஏரிகள் உறைந்து கிடக்கும் அந்த மாதங்களில்தான் பலர் வீட்டு மேஜையில் உட்கார்ந்து அடுத்த சீசனுக்கான தூண்டில்களைத் தாங்களே செய்கிறார்கள்.

இவ்வளவு பாடும் மஸ்கி என்ற ஒரு மீனுக்காக. மஸ்கலஞ்ச் என்பது முழுப் பெயர். பைக் என்ற மீன் குடும்பத்திலேயே பெரியது. நீள உடம்பு, வாத்து அலகு மாதிரி தட்டையான வாய், வாய் நிறையப் பல். நாலடி நீளத்துக்கு மேலும் வளரும். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் 1955-இல் இதைத் தன் மாநில மீனாக அறிவித்தது. தண்ணீர்ச் செடிகளுக்கு நடுவே மரக்கட்டை போல அசையாமல் நின்று, இரை எட்டும் தூரத்துக்கு வந்ததும் பாய்கிற வேட்டைக்காரன். எந்த ஏரியிலும் இதன் எண்ணிக்கை குறைவுதான். 'பத்தாயிரம் வீச்சுக்கு ஒரு மீன்' என்று அங்கே ஒரு வழக்கு உண்டு. கணக்கு மிகைதான். ஆனால் அந்த வழக்குக்குப் பின்னால் இருக்கிற ஏமாற்றம் மிகையில்லை. வருஷத்தில் ஒரு வாரம் லீவு போட்டு ஏரிக்குப் போகிறவர், ஒரு மஸ்கியைக்கூடத் தொடாமல் வீடு திரும்புவது சகஜம்.

அப்படிப்பட்ட மீனுக்குத் தூண்டில் செய்பவர் பிளேடைப் பற்றி இத்தனை யோசிப்பதில் நியாயம் இருக்கிறது. கோளாறு எங்கே என்றால், யோசனை பெரும்பாலும் நிறத்திலேயே நின்றுவிடுகிறது. கடைச் சுவரில் அறுபது நிறங்கள் தொங்குவதைப் பார்த்துவிட்டு வந்து, வீட்டு மேஜையிலும் அறுபது நிறங்களைப் பூச ஆரம்பிக்கிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். முதலில் பிளேடின் வடிவம், அடுத்து அளவு, கடைசியில்தான் நிறம்.

தூண்டிலுக்குள் என்ன இருக்கிறது?

மஸ்கிக்காக வீட்டில் செய்யப்படும் தூண்டில்களில் பரவலானது 'பக்டெயில்'. பெயருக்கு மான்வால் என்று அர்த்தம். கெட்டியான, துருப்பிடிக்காத கம்பி ஒன்று. அதன் முன்முனையில் நரம்பைக் கட்டுவதற்கான வளையம். அடுத்து, லாடம் போல வளைந்த சின்னத் துண்டில் தொங்கும் பிளேடு. பிளேடு தடையில்லாமல் சுற்றுவதற்கு ஒரு பாசிமணி. அதற்குப் பின்னால் எடைக்காகப் பித்தளை அல்லது ஈயம். கடைசியில் மூன்று முனை முள், அதைச் சுற்றிக் கட்டிய மான்வால் முடி. முடிக்குப் பதிலாகவோ முடியோடு சேர்த்தோ ஜிகினா இழைகளைக் கட்டுகிறவர்களும் நிறையப் பேர். மூக்குக் குறடு, கம்பி வளைக்கும் சின்னக் கருவி, நூல், பொறுமை, இவ்வளவுதான் தேவை.

இதில் முடி தண்ணீருக்குள் மூச்சு விடுவது போல அசையும், அவ்வளவுதான். உயிர் கொடுப்பது பிளேடு. தூண்டில் எவ்வளவு ஆழத்தில் ஓடும், எவ்வளவு வேகமாகச் சுருட்டலாம், தண்ணீரை எவ்வளவு பலமாக அடிக்கும், வெளிச்சத்தை எப்படித் திருப்பி அனுப்பும் என்ற நாலையும் அந்த ஒரு தகட்டின் வடிவம் முடிவு செய்கிறது. பெயின்ட் டப்பாவால் இந்த நாலில் கடைசி ஒன்றைத்தான் தொட முடியும்.

வட்டமும் இலையும்

பிளேடு வடிவங்களில் இரண்டு துருவங்கள் உண்டு. ஒன்று 'கொலராடோ'. கிட்டத்தட்ட வட்டம், கரண்டி மாதிரி குழிந்திருக்கும். இழுக்கும்போது கம்பியிலிருந்து நன்றாக விலகி, ஏறக்குறைய 50 டிகிரி கோணத்தில் சுற்றும். ஒவ்வொரு சுற்றுக்கும் நிறையத் தண்ணீரைத் தள்ளும். கழியைப் பிடித்திருக்கிற கைக்கே அந்த 'தும் தும்' என்ற அதிர்வு தெரியும். தண்ணீரின் தடை அதிகம் என்பதால் தூண்டில் மேலே எழும்பி, மேல்மட்டத்திலேயே ஓடும். மெதுவாக இழுத்தாலும் சுற்றுவதை நிறுத்தாது.

இன்னொரு துருவம் 'வில்லோ'. வில்லோ மரத்தின் இலை போல நீண்டு, ஒடுங்கி, கூராக முடியும். கம்பியை ஒட்டி, 25 டிகிரி அளவு கோணத்தில் வேகமாகச் சுற்றும். தண்ணீரைத் தள்ளுவது குறைவு, மின்னுவது அதிகம். தடை குறைவு என்பதால் ஆழமாகவும் ஓடும், வேகமாகவும் சுருட்டலாம். தண்ணீர்ச் செடிகளுக்கு மேலே இழுக்கும்போது இலைக்குப்பை மாட்டுவதும் குறைவு.

இரண்டுக்கும் நடுவில் 'இந்தியானா' இருக்கிறது. நீர்த்துளி மாதிரி வடிவம், குணத்திலும் நடுத்தரம். நடுவில் குமிழ் போல உப்பிய 'பிரெஞ்சு' பிளேடு இன்னொரு வகை. விசிறி மடிப்பு போல வரிவரியாக அமைந்த 'ஃப்ளூட்டட்' பிளேடும் உண்டு. அந்த வரிகள் வெளிச்சத்தைத் துண்டு துண்டாக உடைத்து எறியும். இது நேற்று வந்த சரக்கு இல்லை. நியூயார்க் மாநிலத்தில் செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரையில் இருக்கும் கிளேட்டன் என்ற ஊரில் ஜி. எம். ஸ்கின்னர் என்பவர் 1874-இலேயே வரி போட்ட பிளேடுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். அது மஸ்கிக்குப் பேர்போன ஆறு. அந்தக் காலத்து ஆட்கள் மூளையைச் செலவழித்தது தகட்டை எப்படி வளைப்பது என்பதில்.

அளவுக்கு வருவோம். பிளேடுகளுக்கு எண் உண்டு. எண் கூடக் கூடப் பெரிது. மஸ்கிக்கு 8, 10 ஆகிய எண்கள் சாதாரணம். 2000-களின் நடுவில் 'டபுள் கவ்கேர்ள்' என்ற தூண்டில் வந்தது. 10-ஆம் எண் பிளேடுகள் இரண்டு, வால் முழுக்க ஜிகினா. மஸ்கி உலகமே அதன் பின்னால் ஓடியது. கடைகளும் வீட்டுப் பட்டறைகளும் இன்றுவரை அதைப் பார்த்துச் செய்துகொண்டே இருக்கின்றன. மீன் மாட்டியது உண்மை. அதைக் காலையிலிருந்து மாலைவரை எறிந்து இழுத்தவர்களின் மணிக்கட்டும் தோளும் வலித்ததும் உண்மை!

இங்கேதான் வீட்டில் செய்பவருக்கு ஒரு வசதி. நாள் முழுக்க இழுக்க முடியாத பெரிய பிளேடைவிட, எட்டு மணி நேரம் சலிக்காமல் இழுக்க முடிகிற 8-ஆம் எண் பிளேடு அதிக மீனைப் பார்க்கும். ஏனென்றால் அது அதிக நேரம் தண்ணீருக்குள் இருக்கும். கடைக்காரருக்கு வாங்குகிறவரின் தோள் தெரியாது. செய்கிறவருக்குத் தன் தோள் தெரியும்.

மீனுக்கு எது தெரிகிறது?

'மீன் கண்ணால் பார்த்துத்தானே வருகிறது, அப்புறம் நிறம் எப்படிக் கடைசியாகும்?' என்று கேட்கலாம். நல்ல கேள்வி. இதற்குப் பாதி பதில் ஆய்வுக்கூடத்திலேயே இருக்கிறது.

மீன்களின் பக்கவாட்டில் 'பக்கக்கோடு' என்ற ஒரு புலன் உண்டு. தண்ணீரின் சின்னச் சின்ன அசைவையும் அது உணரும். மஸ்கி இரையைப் பிடிக்கும்போது கண்ணுக்கு என்ன பங்கு, பக்கக்கோட்டுக்கு என்ன பங்கு என்று பிரித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2001-இல் வெளியானது. முடிவு சுவாரசியமானது. தூரத்தில் இருக்கும் இரையை முதலில் கண்டுபிடிப்பது கண். ஆனால் எந்த நொடியில் பாய்வது என்பதைக் கண்ணும் பக்கக்கோடும் சேர்ந்து முடிவு செய்கின்றன. பார்வை இல்லாத மஸ்கி இரையைத் தேடிப் பதுங்கிப் போகவில்லை. ஆனால் இரை மிக அருகில் வந்தபோது பாய்ந்தது. பக்கக்கோடு வேலை செய்யாத மஸ்கி பதுங்கிப் போனது, ஆனால் வழக்கத்தைவிட நெருங்கிய பிறகே பாய்ந்தது.

அந்த ஆய்வில் இருந்தது உயிருள்ள சின்ன மீன், பெயின்ட் அடித்த தகடு இல்லை. அதனால் அளவுக்கு மீறி அர்த்தம் எடுக்கக் கூடாது. ஆனாலும் ஒரு விஷயம் தெளிவு. பிளேடின் வடிவம் மஸ்கியின் இரண்டு புலன்களிடமும் பேசுகிறது. அதிர்வாகப் பக்கக்கோட்டிடம், மின்னலாகக் கண்ணிடம். நிறம் கண்ணிடம் மட்டும் பேசுகிறது, அதுவும் வெளிச்சமும் தண்ணீரும் அனுமதித்தால்தான்.

இரவு மீன்பிடிப்பு இதற்கு நல்ல உதாரணம். இருட்டில் நிறம் என்று ஒன்று கிடையாது. இருந்தும் இரவில் மஸ்கி மாட்டுகிறது. அனுபவஸ்தர்கள் அப்போது எடுப்பது கறுப்பு முடி கட்டிய, பெரிய வட்ட பிளேடு மாட்டிய பக்டெயிலை. வானத்தின் மங்கல் வெளிச்சத்துக்கு எதிரே ஒரு கறுப்பு நிழல், அதோடு ஒரு 'தும் தும்'. மீனுக்கு அது போதுமானதாக இருக்கிறது.

நிறத்துக்கு உரிய இடம்

அதற்காக நிறமே வேண்டாம் என்பது வாதம் இல்லை. நிறத்தை அழகுக்காகத் தேர்ந்தெடுக்காமல் தண்ணீரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதுதான்.

தூண்டில் பேச்சில் அடிக்கடி வருகிற ஒரு பாடம்: சிவப்பு ஆழத்தில் முதலில் மறையும், நீலம் கடைசிவரை தெரியும். தெளிந்த ஆழமான தண்ணீருக்கு அது சரி. ஆனால் பக்டெயில் ஓடுவது பெரும்பாலும் முதல் சில அடிகளுக்குள். அந்த ஆழத்தில் எந்த நிறமும் மறைவதில்லை. அங்கே ஆழத்தைவிடத் தண்ணீரின் சொந்த நிறம்தான் பெரிய விஷயம்.

விஸ்கான்சினில் ஹேவர்ட் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் சிப்பெவா ஃப்ளோவேஜ் ஒரு உதாரணம். 1923-இல் அணை கட்டியதால் உருவான, 15,000 ஏக்கருக்கு மேல் பரந்த நீர்த்தேக்கம். சுற்றியுள்ள சதுப்பு நிலத்தின் இலைதழைச் சாறு இறங்கி, தண்ணீர் பால் ஊற்றாத டீ நிறத்தில் இருக்கும். அந்தச் சாறு நீலத்தையும் ஊதாவையும் விழுங்கிவிடும். மிஞ்சுவது மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புப் பக்கம். ஆகவே அங்கே செம்பு, பொன், ஆரஞ்சு பிளேடுகள் எடுபடுவதில் மந்திரம் எதுவும் இல்லை. அங்கே நீல பிளேடைப் போட்டால் அது வெறும் கறுப்புத் தகடு.

பாசி படிந்து பச்சையாக இருக்கும் ஏரியில் பளிச்சென்ற மஞ்சள்பச்சை தூரத்திலிருந்தே தெரியும். தெளிந்த தண்ணீரில் வெயில் நாளில் வெள்ளி நிறத் தகடு போதும், சில நேரம் அதுவே அதிகம். மேகம் மூடிய நாளில் மின்னுவதற்கு வெளிச்சமே இல்லாதபோது, மினுக்கத்தைவிட வேறுபாடு உதவும். கறுப்பு முடி, ஆரஞ்சு பிளேடு என்ற பழைய ஜோடி இத்தனை காலம் நிலைத்திருப்பது அதனால்தான்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. மஸ்கி பல நேரம் தூண்டிலைக் கீழிருந்து பார்க்கிறது. பிரகாசமான வானத்துக்கு எதிரே எல்லா நிறமும் நிழல்தான். பிளேடின் மேல் சின்னச் சின்னதாக வரைந்த செதில், கண், புள்ளி எல்லாம் நொடிக்குப் பல முறை சுற்றும் தகட்டில் கரைந்துபோகும். அந்த வேலைப்பாடு மேஜையில் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ரசிப்பது மனிதன்!

பெயின்ட் அடிப்பதில் ஒரு விலையும் உண்டு. முலாம் பூசிய தகடு கண்ணாடி மாதிரி. அதன் மேல் பெயின்ட் ஏறியதும் மினுக்கம் போய்விடும். இரண்டு பக்கமும் அடித்தால் முழுக்கப் போய்விடும். வெளிப்பக்கம் மட்டும் அடித்து, குழிந்த உள்பக்கத்தை வெள்ளியாகவோ பொன்னாகவோ விட்டுவிட்டால், ஒவ்வொரு சுற்றுக்கும் நிறம், மினுக்கு, நிறம், மினுக்கு என்று மாறி மாறி வரும். கடையில் இது கிடைக்காவிட்டாலும் வீட்டில் செய்வது சுலபம். நெயில் பாலிஷே போதும். பவுடர் பெயின்ட் அடித்து அவனில் சுட்டால் பல் பட்டாலும் லேசில் உரியாது. பிளேடின் துளைக்குள் மட்டும் பெயின்ட் இறங்காமல் பார்க்க வேண்டும். துளை அடைத்தால் பிளேடு சுற்றத் திணறும். அப்போது எந்த நிறம் இருந்தும் பயனில்லை.

'ஆரஞ்சுதான் எடுக்கும்' என்கிறவர்கள்

முப்பது வருஷம் ஒரே ஏரியில் மீன் பிடித்த பெரியவர் 'இந்த ஏரியில் ஆரஞ்சுதான்' என்றால் அதை ஒதுக்கித் தள்ள முடியாது. ஆனால் ஒரு கணக்குச் சிக்கல் இருக்கிறது. ஆரஞ்சையே நூறு மணி நேரம் எறிந்து, வெள்ளியை ஐந்து மணி நேரம் எறிந்தால், ஆரஞ்சில்தான் அதிக மீன் மாட்டும். வருஷத்துக்கு நாலைந்து மீன் என்ற கணக்கில் எந்த நிறத்தையும் நிரூபிக்க முடியாது, மறுக்கவும் முடியாது.

தண்ணீரும் அப்படியே இருப்பதில்லை. மிச்சிகனுக்கும் ஒன்டாரியோவுக்கும் நடுவில் இருக்கிற செயின்ட் கிளேர் ஏரி பெரிய மஸ்கி ஏரி. 1988-இல் அங்கே ஸீப்ரா மஸல் என்ற சின்னச் சிப்பி கண்டுபிடிக்கப்பட்டது. கப்பல்களின் நிலைநீரில் ஐரோப்பாவிலிருந்து வந்து சேர்ந்தது. அது தண்ணீரை வடிகட்டியே உயிர் வாழும். கோடிக்கணக்கில் பெருகியதும் ஏரி தெளிந்துவிட்டது. கலங்கிய தண்ணீருக்குச் சரியாக இருந்த நிறத்தைத் தெளிந்த தண்ணீரிலும் அப்படியே பிடித்துத் தொங்குவது பாட்டன் காலத்துக் கண்ணாடியைப் பேரன் போட்டுக்கொள்வது மாதிரி. ஆனால் வட்ட பிளேடு மேலே எழும்பும், இலை பிளேடு கீழே ஓடும் என்பது அன்றும் மாறவில்லை, இனியும் மாறாது.

நிறத்துக்கு ஆதரவாக ஒரு வலுவான வாதம் உண்டு: நம்பிக்கை. பிடித்த நிறத்தை மாட்டியவர் கவனமாக இழுப்பார், சீக்கிரம் சோர்ந்துபோக மாட்டார். ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் அந்த நம்பிக்கைக்கு ஒரு நிறம் போதுமே, அறுபது எதற்கு?

மேஜையில் செய்ய வேண்டியது

வீட்டில் தூண்டில் செய்வதன் உண்மையான லாபம் காசு மிச்சமாவது இல்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க முடிவதுதான். ஒரே எடை, ஒரே முடி, ஒரே முள்ளில் மூன்று தூண்டில். ஒன்றுக்கு வட்டம், ஒன்றுக்கு இந்தியானா, ஒன்றுக்கு வில்லோ. மூன்றும் வெள்ளி. இவற்றைப் படகுத்துறை ஓரத்தில் பக்கவாட்டில் இழுத்துப் பார்த்தாலே பாதிப் பாடம் முடிந்தது. எது எந்த வேகத்தில் சுற்ற ஆரம்பிக்கிறது, எது எவ்வளவு ஆழம் போகிறது என்பது கண்ணுக்கே தெரியும்.

முக்கியமான பரீட்சை ஒன்று உண்டு. மஸ்கி கடிக்காமல் படகுவரை தூண்டிலைத் தொடர்ந்து வருவதில் பேர்போனது. அதனால் மஸ்கிக்காரர்கள் தூண்டிலை உடனே தூக்குவதில்லை. கழி முனையைத் தண்ணீருக்குள் விட்டு, எட்டு என்ற எண்ணை வரைவது போலச் சுற்றுவார்கள். பல மீன் அந்த வளைவில்தான் பாய்கிறது. வளைவில் வேகம் குறையும்போது பிளேடு நின்றுவிட்டால், காலையிலிருந்து காத்திருந்த ஒரே வாய்ப்பு அங்கேயே முடிந்தது. மெதுவான வளைவிலும் சுற்றுகிற பிளேடு எது என்று படகுத்துறையிலேயே பார்த்து வைத்துக்கொள்வது, எந்த நிறத்தையும்விடப் பெரிய லாபம்.

பிறகு பருவம். வசந்தத்தில் தண்ணீர் குளிர்ந்திருக்கும்போது சின்ன பிளேடு, மெதுவான இழுப்பு. கோடையில் பெரியது, வேகமானது. இதற்கு மேல் நிறம் மூன்று போதும்: ஒரு வெள்ளி, ஒரு செம்பு அல்லது பொன், ஒரு பக்கம் மட்டும் அடித்த ஆரஞ்சோ மஞ்சள்பச்சையோ ஒன்று. மிச்ச நேரத்தைக் கம்பியை வளைப்பதற்கும் முள்ளைத் தீட்டுவதற்கும் செலவழிக்கலாம்.

அதுவும் சின்ன விஷயம் இல்லை. மஸ்கி பிடிப்பவர்களில் பெரும்பாலோர் மீனை அளந்து, படம் எடுத்து, திரும்ப விட்டுவிடுகிறார்கள். மினசோட்டாவில் 2015 முதல் 54 அங்குலத்துக்குக் குறைந்த மஸ்கியைப் பொதுவாக வைத்துக்கொள்ளவே முடியாது. மெல்லிய கம்பியில் செய்த தூண்டில் நடுவில் முறிந்தால், மூன்று முனை முள்ளோடும் தொங்கும் பிளேடோடும் அந்த மீன் தண்ணீருக்குள் போகும். வளர்வதற்குப் பத்து, பதினைந்து வருஷம் எடுத்துக்கொண்ட மீன் அது. தண்ணீர் 27 டிகிரி செல்சியஸைத் தொடுகிற நாட்களில் பொறுப்பான ஆட்கள் மஸ்கிக்குத் தூண்டிலே போடுவதில்லை. அந்தச் சூட்டில் போராடிக் களைத்த மீன், விட்ட பிறகும் செத்துப்போகலாம். அந்த அக்கறை மேஜையிலிருந்தே தொடங்க வேண்டும்: கெட்டிக் கம்பி, இறுக்கமான வளையம், சுத்தமாகச் சுழலும் பிளேடு.

நிறம் பூசுவதில் இருக்கிற சந்தோஷத்தை யாரும் பறிக்க வேண்டாம். உறைந்த ஜனவரி மாதத்து இரவுக்கு அது நல்ல பொழுதுபோக்கு. ஆனால் பிரஷ்ஷைக் கையில் எடுக்கும் முன், எந்தத் தகடு, எந்தத் தண்ணீர், எந்த வேகம் என்ற மூன்று கேள்விக்கும் பதில் தெரிந்திருக்க வேண்டும். பதில் தெரிந்தவருக்கு மூன்று நிறம் தாராளம். தெரியாதவருக்கு அறுபதும் பற்றாது.